வெள்ளை நூல் கட்டில் ஒரு பெயர்

காலை பத்து மணிக்கு மெஷின்காரர் திருப்புளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சபதம் போட்டார்.

"இந்தக் குடும்பத்துல அடுத்த பேரு நான் வெக்கிறதுதான்! வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி!"

சபதம் புதிதல்ல. இருபத்தொன்பது வருஷப் பழசு. அதைத் தூசி தட்டி எடுக்க அன்றுதான் வேளை வந்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். சற்று முன்தான் அவள் போனில் பேசியிருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு நாலு மணிக்குள்ள குழந்தை பேரைப் பதிவு பண்ணணும். நாங்க ரெண்டு பேரும் யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சு. நீங்களே ஒரு பேரு சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான். ஒரே ஒரு கண்டிஷன். புதுசா வாயில நுழையாத பேரெல்லாம் வேண்டாம். பழைய காலத்துப் பேரா, அழகா, கம்பீரமா இருக்கணும். அப்புறம் நீங்க சொல்றதுதான் முடிவு. உங்க மாப்பிள்ளை இப்பவே பதிவு ஆபீசுக்குக் கிளம்பிட்டார்."

போனை வைத்த வேகத்தில் மெஷின்காரர் துள்ளி எழுந்தார். எண்ணெய்க் குப்பியைத் தட்டிவிட்டார். வழக்கமாக ஒரு சொட்டு சிந்தினாலே அரை நாள் புலம்புகிற மனுஷன், சிந்திய எண்ணெயைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி அவரும் மெஷின்களும். தடுப்புக்கு முன்னால் மேஜை போட்டு அவர் மனைவி. இந்த ஏற்பாடு மனைவி செய்தது. மெஷின்காரருக்குத் தையல் மெஷினைப் பிடிக்கும். தையல் மெஷின் வைத்திருப்பவர்களைப் பிடிக்காது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் வாரத்துக்கு மூன்று சண்டை. தடுப்பு வந்த பிறகு சண்டை நின்றது. கோபம் மட்டும் நிற்கவில்லை.

அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் அவர். கணக்கு தடுமாறும். ஆனால் எவர், எந்த நாளில், எந்தப் படியில் நின்றுகொண்டு, என்ன சொன்னார் என்பது மட்டும் கல்லில் வெட்டினாற்போல் நிற்கும். அதற்கு அவர் ஒரு முறையும் வைத்திருந்தார். பழுதுக்கு வரும் ஒவ்வொரு மெஷினின் சக்கரத்திலும் ஒரு சீட்டு கட்டுவார்கள். மெஷின் கொண்டுவந்தவர் பெயரையும் பழுதையும் மனைவி எழுதுவாள். வேலை முடிந்து மெஷின் போன பின் சீட்டு அவரிடம் வரும். அந்த ஆள் திரும்பி வந்து ஒரு குறை சொன்னால் போதும், சீட்டு சிவப்பு நூல் கட்டில் சேரும். குறை வராவிட்டால் வெள்ளை நூல் கட்டில். சிவப்புக் கட்டு தலையணை உயரம். வெள்ளைக் கட்டு தீப்பெட்டி உயரம்.

சீட்டே இல்லாமல் சிவப்புக் கட்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர் உண்டு. அவருடைய மாமியார். ஊருக்கு அவர் டெய்லரம்மா. மெஷின்காரருக்கு மட்டும் 'இன்ஸ்பெக்டர்'.

கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை தன் கையாலேயே மாமியாரின் மெஷினைப் பழுது பார்த்தார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வீடு நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார்: "ரிப்பேருக்கு முன்னாடி சும்மா நின்னுச்சு. இப்ப அழுதுகிட்டே நிக்குது."

பதினாலு பேர் சிரித்தார்கள். பதினாலு பேரும் யார் யார் என்று மெஷின்காரரால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும்.

அதையாவது விடலாம். மகள் பிறந்தபோது நடந்ததை விட முடியுமா? அவர் தன் அம்மாவின் பெயரைத் தேர்ந்தெடுத்து, மூன்று நாள் எழுதிப் பழகி, சட்டைப்பையில் வைத்திருந்தார். அவசரமாக ஒரு மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கே போய், தனக்குப் பிடித்த பெயரைப் பதிந்துவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து மெஷின்காரர் மாமியார் வீட்டு வாசலை மிதித்ததில்லை. பெற்ற மகளை இருபத்தொன்பது வருஷமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'பாப்பா'தான். பாப்பா இப்போது ஒரு பாப்பாவுக்கு அம்மா.

அதனால்தான் திருப்புளி தலைக்கு மேல் போனது. பேத்தியின் பெயரில் இன்ஸ்பெக்டரின் வாடைகூட வீசக்கூடாது.

செய்தியை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரிடம் ஓடினார். இஸ்திரிக்காரர் மேலும் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை மெஷின்காரரின் சின்னத் திருப்புளி காணாமல் போகும். மறுநாள் தானாக வந்து நிற்கும். எடுத்தது இஸ்திரிக்காரர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்று சந்தோஷம் பொங்கி வழிந்தது. கள்வன் என்றும் பாராமல் சொன்னார்.

"பேத்திக்கு நான்தான் பேரு வெக்கிறேன்!"

"அட, வாழ்த்துக்கள் அண்ணே! என் வீட்டுக்காரி பேரையே வெச்சிடுங்க. கோகிலம். பழைய பேரு, நல்ல பேரு."

"உன் வீட்டுக்காரி எனக்கு நாலு வருஷம் முன்னாடி ஒரு சட்டையில காலர் மடிப்பைக் கருக்கிக் குடுத்தா."

"அது நான் கருக்கினது அண்ணே."

"அப்போ உன் பேரையும் வெக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மேஜையில் மனைவி பழைய அழைப்பிதழ் அட்டைகளை வெட்டிச் சீட்டு செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு அடுக்கினாள்.

"இந்தா, கேட்டியா? பேரு வெக்கிற பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு!"

"கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு."

"உங்கம்மாவுக்கு இதுல ஒரு எழுத்துகூட பாத்தியதை கிடையாது."

"கிடையாது."

"உனக்கும் கிடையாது."

"எனக்கும் கிடையாது. நான் எதுலயும் தலையிடல. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்." ஒரு புதுச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

முப்பது வருஷத்தில் இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. மனுஷன் நிதானத்தில் இருந்திருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பார். நிதானம் எண்ணெயோடு சேர்ந்து சிந்திப்போயிருந்தது.

"உங்க அம்மா பேரையே வெச்சா என்னங்க?"

"வெக்கலாம். அதை எங்கண்ணன் அவன் பொண்ணுக்கு வெச்சுட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா?"

"சரி, மங்களம்?"

"எந்த மங்களம்? நான் அவ மெஷினோட சக்கரத்தை மாத்தி, பழசைப் போட்டுட்டேன்னு மூணு தெருவுக்குச் சொன்னாளே, அந்த மங்களமா?"

"அப்போ வேண்டாம். கமலம்?"

"நான் மெஷினைத் தோள்ல சுமந்துகிட்டு மழையில நிக்கிறேன், அவ ஜன்னல் வழியா பார்த்துகிட்டே நிக்கிறா. கதவைத் திறக்க அரை மணி நேரம். அந்தப் பேரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட்டா எனக்கு ஜலதோஷம் பிடிக்கும்."

"சரோஜா?"

"ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தெரியலைன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிக்குடுத்தவ."

"அது நீங்க நாலாவது படிக்கும்போதுங்க!"

"இருந்தா என்ன? இன்னும் ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தெரியல, இல்லையா?"

"பங்கஜம்னு வைங்க. எவ்வளவு லட்சணம்!"

"நர்ஸ் பங்கஜம். இடது கையில போட வேண்டிய ஊசியை வலது கையில போட்டா. ரெண்டு நாள் திருப்புளி பிடிக்க முடியல."

மனைவி பேனாவைக் கீழே வைத்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ராஜாத்தி? அந்தப் பேருல உங்களுக்கு யாரையும் தெரியாது."

"தெரியாதா? பின்தெருவுல இருந்தாளே. என் புதுச் செருப்பு ரெண்டையும் தின்னாளே."

"ஐயோ, அது ஆடுங்க!"

"ஆடா இருந்தா என்ன? கூப்பிட்டா வந்தா இல்ல? பேரு பேருதான்."

இப்படியே பன்னிரண்டு மணி ஆயிற்று. முப்பத்தேழு பெயர் அடிபட்டது. சாப்பாடு ஆறிப்போனது. ஒன்றரை மணிக்கு மருமகன் ஆபீசிலிருந்து பேசினான். அவன் பல் டாக்டர், பொறுமையாகத்தான் பேசுவான்.

"மாமா, என் டோக்கன் அறுபத்தேழு. இப்ப நாற்பத்திரண்டு போகுது. ஒண்ணும் அவசரமில்ல."

"அவசரப்படுத்தாதீங்க மாப்பிள்ளை! நல்ல பேரு தானா வரும்!"

இரண்டரைக்கு ஐம்பத்தெட்டு போனது. மெஷின்காரர் தடுப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஷட்டில் மாதிரி ஓடினார். உலகத்தில் இத்தனை பழைய பெயர் இருந்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு பெயரிலும் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். நேரம் தவறினால் என்ன ஆகும்? மகளே ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுவாள். அல்லது மகளுக்கு இன்ஸ்பெக்டரே போன் போட்டு, மறுபடியும் முந்திக்கொள்வார். நினைக்கும்போதே காது சூடாகியது.

அந்த நேரம் பார்த்து மனைவி சொன்னாள்: "என்னங்க, ஆணியில புதுச் சீட்டு மாட்ட இடமில்ல. அந்த வெள்ளைக் கட்டைக் கொஞ்சம் கழட்டி உள்ள வைங்களேன்."

"நான் என்ன நிலையில இருக்கேன், நீ கட்டு கழட்டச் சொல்றியா?" என்று திட்டிக்கொண்டே கட்டைக் கழற்றினார். கழற்றினவர் அப்படியே நின்றார்.

வெள்ளைக் கட்டு! குறையே சொல்லாதவர்களின் கட்டு! இவ்வளவு நேரம் சிவப்புக் கட்டுக்குள் அல்லவா பெயர் தேடிக்கொண்டிருந்தார்!

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று ஒரு குதி குதித்தார். பலகைத் தடுப்பு ஆடியது.

நூலை அவிழ்த்துச் சீட்டுகளை மேஜையில் பரப்பினார். முப்பத்தொரு சீட்டு. ஒன்பது பேர் ஆண்கள். மீதி இருபத்திரண்டிலும் ஒரே பெயர். வருஷத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு வருஷம்.

வடிவு.

மெஷின்காரருக்கு மேனி சிலிர்த்தது. அந்தப் பெயரை அவர் யோசித்துப் பார்க்கவே இல்லையே! அந்த அம்மாளை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த மெஷினைத் தெரியும். கறுப்பு மெஷின். கழுத்தில் தங்க நிறத்தில் கொடி போட்டிருக்கும். துடைத்துத் துடைத்துக் கொடி பாதி தேய்ந்திருக்கும். எண்ணெய் போட வேண்டிய ஓட்டையில் மட்டும் எண்ணெய் இருக்கும். துணியைத் தள்ளும் பல்லுக்கடியில் ஒரு நூல்பிசிர் இருக்காது. ஊசியை இறக்கி, அடியில் ஒரு துண்டுத் துணி வைத்துத்தான் அனுப்புவார்கள். அதற்குத் தைத்த உறை ஒன்று உண்டு. அந்த உறையின் ஓரத் தையலை ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம், மயிரிழை கோணாது. உறைப் பையில் மாற்று ஊசி ஒன்று காகிதத்தில் சுற்றி இருக்கும். மற்ற மெஷின்கள் எல்லாம் புகார் மாதிரி வரும். இது மட்டும் விருந்தாளி மாதிரி வரும்.

"இந்தம்மா காலில் விழலாம்டி" என்று ஒரு தடவை மனைவியிடம் அவரே சொன்னதுண்டு.

"பார்த்தா சொல்றேன்" என்று அவளும் சொன்னதுண்டு.

"எழுது!" என்றார் இப்போது. "வடிவு! என் பேத்தி பேரு வடிவு!"

மனைவி கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"ஐயையோ, அந்தப் பேரா? வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்?"

"ரொம்பப் பழசுங்க."

"பாப்பா பழசுதானே கேட்டா!"

"பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்க."

"வடிவுன்னா அழகுன்னு அர்த்தம். அழகை எவன்டி கிண்டல் பண்ணுவான்?"

"என்னமோ... எங்கம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்னுதான் யோசிக்கிறேன்."

மெஷின்காரரின் கண் பளிச்சென்று மின்னியது. "என்ன ஆகும்?"

"கண்ணுல தண்ணியே வந்துடும் அவங்களுக்கு."

"வருமா? நிஜமா வருமா?"

"பொல பொலன்னு வரும்."

"அப்போ அதேதான்! ஒரு எழுத்து மாறாது! போனை எடு!"

"வேண்டாங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க—"

"நீ தலையிட மாட்டேன்னு சொன்னியா இல்லையா? போனை எடுடி!"

மணி மூன்று ஐந்து. அறுபத்தாறாவது ஆள் கவுண்டரில் நின்றிருந்தான். மெஷின்காரர் போனில் போட்ட சத்தத்தில் அந்த ஆபீசில் இருந்த எல்லாருக்கும் குழந்தையின் பெயர் தெரிந்திருக்கும். "வடிவு! மாப்பிள்ளை, வடிவு! வண்டிக்கு வர்ற 'வ', அப்புறம் 'டி', அப்புறம் 'வு'! மூணே எழுத்து! நாலாவது எழுத்து போட்டா நான் நேர்ல வருவேன்!"

பிறகு மகளிடம் சொன்னார். 

"அப்பா... நீங்களாவா சொல்றீங்க? அம்மா சொல்லிக்குடுக்கலையே?"

"அவளா? அவ வேண்டாம் வேண்டாம்னு ஒத்தைக்காலில் நின்னா! நானே கண்டுபிடிச்சது!"

"அப்பா, நீங்க இவ்வளவு பெரிய மனசுக்காரர்னு எனக்கு இத்தனை நாள் தெரியாம போச்சே!" மகளின் குரல் உடைந்தது. அவள் அழுதாள். சிரித்தாள். மறுபடியும் அழுதாள். ஒரு பெயர் சொன்னதற்கு இவ்வளவா என்று மெஷின்காரருக்கே சற்று அதிகமாகத் தோன்றியது. ஆனாலும் பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்கு முத்திரை குத்திய ரசீதின் படம் போனில் வந்தது. இனி மாற்ற வேண்டுமானால் மனு, சாட்சி, ஆறு மாசம். இன்ஸ்பெக்டர் தலைகீழாக நின்றாலும் நடக்காது!

மெஷின்காரர் கடைக்குப் போய் பெரிய பாக்கெட்டாக பிஸ்கட் வாங்கிவந்தார். தெருவில் போனவர் வந்தவர் எல்லாருக்கும் கொடுத்தார். சிவப்புக் கட்டில் இருப்பவர்கள் இரண்டு பேருக்குக்கூடக் கொடுத்தார். உடைந்ததாகப் பார்த்துக் கொடுத்தார். இஸ்திரிக்காரருக்கு முழுசாகவே இரண்டு.

திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அவருக்கு ஒரு பெருந்தன்மையான யோசனை தோன்றியது.

"இந்தா, அந்தம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லணும்டி. அவங்க பேரை வெச்சுட்டு அவங்களுக்கே சொல்லாம இருந்தா மரியாதையா? நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு" என்றாள் மனைவி. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "இப்பவே போட்டுத் தரட்டுமா?"

"போடு. ஸ்பீக்கர்ல போடு. நானே பேசுறேன்."

மணி அடித்தது. மெஷின்காரர் தொண்டையைச் செருமி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மறுமுனையில் எடுத்தார்கள்.

"வணக்கம்மா! நான் தையல் மெஷின் ரிப்பேர் கடையிலிருந்து பேசுறேன். ஒரு சந்தோஷமான சமாச்சாரம். என் பேத்திக்கு உங்க பேரைத்தான் வெச்சிருக்கேன்!"

 மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு இருபத்தொன்பது வருஷமாக அவர் கேட்காத, ஆனால் கனவில்கூட மறக்காத ஒரு குரல் வந்தது.

"இப்பத்தான் உங்க பொண்ணு போன் போட்டுச் சொன்னா மாப்பிள்ளை. கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது."

மெஷின்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் சீட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா பேரு... வடிவா?"

"ஆமாங்க."

"முப்பது வருஷமா சொல்லலையே நீ!"

"முப்பது வருஷமா நீங்க கேக்கலையே. உங்களுக்கு அவங்க இன்ஸ்பெக்டர்தானே?"

"அந்த மெஷின்..."

"பழசை வித்துட்டு அம்மா வாங்கினது. உங்க கை பட்டாத்தான் ஓடுது. அம்மாவோடதுன்னு சொன்னா நீங்க தொடுவீங்களா?"

மெஷின்காரர் மேஜையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தான் மெச்சிய எண்ணெயும், தையலும், காகிதத்தில் சுற்றிய ஊசியும் கண் முன்னால் வந்து நின்றன. ஒன்றையும் திருப்பி எடுக்க முடியவில்லை. போகட்டும். அந்த இன்ஸ்பெக்டரே இருபத்திரண்டு வருஷம் இவர் வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லையே! அது மட்டும் பொய்யாகாதே! சிவப்புக் கட்டின் தலைமேல் இருந்தவர், இவர் கையாலேயே வெள்ளைக் கட்டில் அல்லவா ஏறியிருக்கிறார்! அதை நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"மாப்பிள்ளை, லைன்ல இருக்கீங்களா?" என்றது ஸ்பீக்கர். "பேரு வெச்சது ரொம்ப சந்தோஷம். அப்படியே இன்னொண்ணு. ஒவ்வொரு சர்வீஸுக்கும் அப்புறம் அந்த ஊசித் தகட்டு ஸ்க்ரூ லூசாவே வருது. நானும் வருஷா வருஷம் உங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லிகிட்டுத்தான் இருக்கேன். இந்தத் தடவையாவது பார்த்து இறுக்குங்க."

மெஷின்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் மெல்லக் கேட்டார்: "வருஷா வருஷமா? என்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவள் இருபத்திரண்டு சீட்டையும் அடுக்கி, வெள்ளை நூலால் நிதானமாகக் கட்டி, ஆணியில் மாட்டினாள்.

"சொன்னா சிவப்புல கட்டிடுவீங்களே. அந்தச் சின்னத் திருப்புளியை இஸ்திரிக்காரர் எடுக்கலைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை நான்தான் அதை அம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், நீங்க விட்ட ஸ்க்ரூவை இறுக்கிட்டு வரேன்."